லேப்டாப்புக்கு பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: வேலூரில் எங்களுக்கு நடந்தது

வேலூரிலும் காட்பாடியிலும் பைக் டேங்க், ஹெல்மெட்டுக்கு டிசைன் அடித்துத் தரும் கடைகள் சில இப்போது லேப்டாப்பையும் வாங்கி பெயிண்ட் அடிக்கின்றன. கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த ஊர் என்பதால் கேட்டு வருகிறவர்களும் அதிகம். அப்படி ஒரு கடையில் என் தங்கையின் லேப்டாப்பைக் கொடுத்தோம். பாழாகித்தான் திரும்பி வந்தது.

தங்கை சேர்க்காட்டில், திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. இறுதியாண்டு. புராஜெக்ட் முழுவதும் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. பழைய மாடல் என்றாலும் வேலையில் ஒரு குறையும் இல்லை. மேல்மூடியிலும் கை வைக்கும் இடத்திலும் இருந்த ரப்பர் மாதிரியான பூச்சு மட்டும் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்திருந்தது. காற்றின் ஈரமும் கை வியர்வையும் பட்டுப் பட்டு, சில வருடங்களில் அந்தப் பூச்சு இளகிவிடும். பல கம்பெனி லேப்டாப்களில் வருகிற தொல்லை இது. அதை எடுத்துவிட்டு அடர்நீல மெட்டாலிக் அடிக்க 2,800 ரூபாய் பேசி, 1,500 முன்பணம் கொடுத்தோம்.

"முழுசா கழட்டி, பிரைமர் போட்டு, மூணு கோட்டு அடிச்சி, மேல கிளியர் அடிச்சித் தருவோம் சார். கார் பம்பருக்கு அடிக்கிற அதே பெயிண்ட்டு. ஒண்ணும் ஆவாது" என்றார் கடைக்காரர். பிரைமர் என்பது பெயிண்ட்டுக்கு அடியில் போடும் பூச்சு, கிளியர் என்பது மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு. பில் கேட்டதற்கு, வேலை முடிந்ததும் மொத்தமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஸ்கிரீன் செக் பண்ண வேண்டும் என்று பாஸ்வேர்டும் கேட்டார். தங்கை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு பாஸ்வேர்டு தேவையே இல்லை.

இடையில் விசாரிக்கப் போனபோது கடை வாசலில் ஒரு தகர ஷீட்டின் மேல் எங்கள் லேப்டாப் காய்ந்துகொண்டிருந்தது. முழு லேப்டாப், பேட்டரியோடு, சித்திரை மாத நண்பகல் வெயிலில். வேலூர் வெயிலில் தகரம் எப்படிக் கொதிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். லித்தியம் பேட்டரியை அந்தச் சூட்டில் வைப்பது ஆபத்து. உப்பிக்கொள்ளலாம், தீயும் பிடிக்கலாம். உடனே உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். "கழட்டி அடிச்சி இப்பதான் சார் மாட்டினோம்" என்றார்.

அது பொய் என்பது பிறகு தெரிந்தது. கையில் வாங்கியபோது பளபளவென்று இருந்ததால் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். வீட்டில் தட்டிப் பார்த்தால் ஸ்பேஸ் பார் அமுங்கியது, எழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஃபேன் கரகரவென்று சத்தம் போட, லேப்டாப் சூடாகித் தானே அணைந்தது. அடுத்த சில வாரங்களில் கை வைக்கும் இடத்தில் விரல் ரேகை அப்படியே பதிந்தது. பெயிண்ட் உள்ளே காயவே இல்லை. நகத்தால் லேசாகச் சுரண்டினால் தோல் தோலாக உரிந்து வந்தது.

வேறொரு சர்வீஸ் கடையில் பிரித்துக் காட்டினோம். முதலில் அவர் காட்டியது அடிப்பக்க ஸ்க்ரூக்களை. தலைமேலேயே பெயிண்ட் படிந்து, பள்ளம் மூடிப்போயிருந்தது. கழற்றி அடித்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு மேலோடு ஸ்ப்ரே கன் பிடித்திருக்கிறார்கள். காற்று போகும் ஓட்டைகள் வழியாகப் புகுந்த பெயிண்ட் ஃபேன் இறக்கைகளில் இருந்த தூசியோடு சேர்ந்து கட்டியாகியிருந்தது. இதையெல்லாம்விட என்னைக் கலங்க வைத்தது ஹிஞ்ச், அதாவது மூடியைத் திறந்து மூடும் கீல் பக்கம். ஸ்க்ரூ உட்காரும் பித்தளை நட்டுகளைச் சுற்றி பிளாஸ்டிக்கில் மெல்லிய விரிசல்கள். ஒரு நட்டு கையோடு வந்துவிட்டது.

காரணம் தின்னர். பிசுபிசுப்பை எடுக்க நல்லெண்ணெய் விளக்கைத் துடைப்பதுபோல் தின்னரை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப் பேனல்கள் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்த பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கரையும், பாலிகார்பனேட் விரிசல் விடும், அதிலும் ஸ்க்ரூ இறுக்கிய இடத்தில் சீக்கிரம் விரிசல் விடும். பெயிண்ட் கடைகளில் புழங்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் இப்படிப்பட்ட கரைப்பான்கள்தான் இருக்கின்றன. இரும்பு டேங்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பம்பர் கதையும் பொருந்தாது: கார் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதில் பெயிண்ட் பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். லேப்டாப் பிளாஸ்டிக்கில் பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல் அடிப்பதுதான் கஷ்டம்.

ஒழுங்காகச் செய்கிறவர் முழு லேப்டாப்பை ஸ்ப்ரே கன் பக்கமே கொண்டு போகமாட்டார். மேல்மூடியை ஏ பேனல், ஸ்கிரீனைச் சுற்றிய சட்டத்தை பி, கீபோர்டு பக்கம் சி, அடிப்பக்கம் டி என்று சர்வீஸ்காரர்கள் சொல்வார்கள். அடிக்க வேண்டிய வெற்று பேனல் மட்டும்தான் பெயிண்டரிடம் போக வேண்டும். பழைய பூச்சை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். அப்புறம் 600, 800 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, ஒவ்வொரு கோட்டையும் மெல்லிசாக, முந்தையது காய்ந்த பிறகு அடிக்க வேண்டும். மேலே ஹார்டனர் (பூச்சை இறுக வைப்பது) கலந்த கிளியர். கை எப்போதும் படுகிற இடத்தில் இந்தக் கிளியர் இல்லாமல் பெயிண்ட் அதிக நாள் நிற்பது கஷ்டம். மெட்டாலிக் கேட்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் ஸ்கிரீனின் மேல் விளிம்பில் இருக்கும். அங்கே அலுமினியத் தூள் கலந்த பெயிண்டைக் கனமாக அடித்தால் சிக்னல் குறைய வாய்ப்புண்டு.

திரும்பப் போய்க் கேட்டபோது, "உங்க பிளாஸ்டிக்கு பழசு சார், நாங்க இன்னா பண்றது?" என்றார். ஸ்க்ரூ தலையைக் காட்டியதும் குரல் உயர்ந்தது. வேண்டுமானால் இன்னொரு கோட்டு அடித்துத் தருகிறேன், 800 கொடுங்கள் என்றார். என் தங்கை கண் கலங்கி நின்றாள். கைத்தொழில் தெரிந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி, ஒரு மாணவியின் புராஜெக்ட் இருக்கும் பொருளைக் கெடுத்ததை என்னால் விட முடியவில்லை.

பில் கடைசிவரை தரவில்லை. ஜிபே ரசீது, கொடுக்கும் முன் எடுத்த படங்கள், சர்வீஸ் கடைக்காரர் எழுதிக் கொடுத்த அறிக்கை, இவை கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தோம். பணம் திரும்ப வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருட அவகாசமும் உண்டு.

லேப்டாப்புக்கு இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பேனல் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாராவது இந்த மாதிரிக் கடையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், இன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள். கழற்றாமல் டேப் ஒட்டி வைத்திருந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஸ்ப்ரே அடிக்கும் முன் திரும்ப வாங்கிவிடுங்கள்.