நைட் கார்டு: மெத்தென்றதா, கெட்டியானதா?

பிள்ளை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் நம் வீடுகளில் உடனே பூச்சி மருந்து கொடுத்துவிடுவார்கள். பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குழந்தைகளிடம் இது சகஜம், வளர வளரப் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். குறட்டை விட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் பிள்ளையாக இருந்தால் மட்டும் டான்சில், அடினாய்டு வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பெரியவர்கள் கதை வேறு. ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் தூக்கத்தில் பல் கடிக்கிறார். பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் தெரியும். சத்தமே இல்லாமல் இறுக்கிக் கடிப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. காலையில் எழும்போது நெற்றிப்பொட்டில் வலி, தாடையில் அலுப்பு, ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சம், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் எல்லாம் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் எனாமல் தேயும், ஃபில்லிங் பெயரும், ரூட் கேனால் செய்து போட்ட கேப் உடையும், சில சமயம் கடைவாய்ப் பல்லே பிளந்துவிடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால்தான் இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டில் எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இவ்வளவு அக்கறை காட்ட வேண்டியிருக்கிறது.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஒன்று தெளிவாக வேண்டும். கடிப்பது பகலிலா, இரவிலா? இரண்டும் வேறு வேறு.

பகலில் கடிப்பது பெரும்பாலும் பழக்கம். கம்ப்யூட்டர் முன்னால், வண்டி ஓட்டும்போது, கணக்குப் பார்க்கும்போது பல்லை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். சாப்பிடுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு மேல்பல்லும் கீழ்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சுமார் 20 நிமிடம்தான். மீதி நேரம் உதடு மூடியிருக்கலாம், பல் சேரக் கூடாது, நாக்கு மேல் அண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர், போனில் மணிக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்திவிட்டால் போதும். பகலில் கடிப்பவருக்கு எந்த கார்டையும்விட இதுவே மேல். கடையில் யாரும் இதை விற்பதில்லை என்பதால்தான் இது அதிகம் பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

இரவில் அப்படிச் சொல்லி நிறுத்த முடியாது. தூக்கத்தின் நடுவே மூளை சில விநாடிகள் லேசாக விழித்துக்கொள்கிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதையொட்டித் தாடைத் தசை வேலை செய்ய ஆரம்பிக்கிறது. மனக்கவலை, ராத்திரி குடிக்கும் மது, சிகரெட், கணக்கில்லாத காபி எல்லாம் இதைக் கூட்டும். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸிடலோபிராம் மாதிரி மனச்சோர்வு மருந்துகளாலும் சிலருக்கு வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

சரி, கார்டுக்கு வருவோம். எந்த கார்டும் கடிப்பதைக் குணமாக்காது. பல்லுக்குப் பதில் தான் தேய்வதுதான் அதன் வேலை. அந்த வேலையை எது ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து வடிவம் கொடுக்கும் கார்டு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. டாக்டரிடம் போக இரண்டு வாரம் ஆகும், அதுவரை பல் தாங்காது என்றால் வாங்கலாம். பருமனாக இருக்கும், உமிழ்நீர் ஊறும், ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் உட்காரும். மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளும் பொருள் அல்ல.

டாக்டர் அளவெடுத்துச் செய்யும் மெத்தென்ற கார்டு அடுத்த படி. பல் அச்சின் மேல் ரப்பர் மாதிரியான தகட்டைச் சூடாக்கி உறிஞ்சி ஒட்டவைத்துச் செய்வார்கள். சீக்கிரம் தயாராகும், விலையும் அதிகமில்லை, முதல் நாளே பழகிவிடும். குறை எங்கே என்றால், மெத்தென்று இருப்பதே சிலரை மென்றுகொண்டே இருக்கத் தூண்டுகிறது. அமெரிக்காவில் பல் டாக்டர் ஜெஃப்ரி ஒகேசன் 1987-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 10 பேருக்கு இரண்டு வகையையும் கொடுத்து இரவில் தசை இயக்கத்தை அளந்தார். கெட்டி கார்டு போட்டபோது 8 பேருக்கு இயக்கம் குறைந்தது. மெத்தென்றதைப் போட்டபோது 5 பேருக்குக் கூடியது. பத்தே பேர் என்பதால் அதையே வேதவாக்காக எடுக்க முடியாது. அந்தக் குறைவு நாள்பட நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பலமாகக் கடிப்பவரின் மெத்தென்ற கார்டைச் சில மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கும். லேசாக இறுக்குபவருக்கு இது போதும். நறநறவென்று தேய்ப்பவருக்குப் போதாது.

கெட்டி அக்ரிலிக் கார்டுதான் என் தேர்வு. விலை கூடுதல், முதல் வாரம் வாயில் என்னவோ கிடப்பது போல இருக்கும், ஆனால் நன்றாகச் செய்தால் வருடக்கணக்கில் வரும். இதில் பொருளைவிட டாக்டரின் கைதான் முக்கியம். கார்டை மாட்டிவிட்டு, மெல்லிய வண்ணத் தாளை இடையில் வைத்து "டக் டக்கென்று கடிங்க" என்பார். புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தை ராவுவார். மறுபடி தாள், மறுபடி ராவல். இரு பக்கமும் எல்லாப் பற்களும் ஒரே சீராகப் புள்ளி வைக்கும்வரை இது நடக்கும். அப்புறம் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லி, கடைவாய்ப் பற்கள் உரசாமல் விலகுகின்றனவா என்று பார்ப்பார். சில வாரம் கழித்துத் திரும்பவும் வரச் சொல்வார். பார்சலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு "போட்டுக்கோங்க" என்று அனுப்பும் இடத்தில் கெட்டி கார்டு செய்யவே வேண்டாம். சரியாக உட்காராத கெட்டி கார்டைவிட நல்ல மெத்தென்ற கார்டு தேவலாம். முன்பல்லை மட்டும் மூடும் குட்டி கார்டும் விற்கிறார்கள். அதைத் தொடர்ந்து போட்டால் மூடாத பற்கள் இடம்மாறி, வாய் சேராமல் போக வாய்ப்புண்டு. தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

தாடைத் தசையில் போடும் போடாக்ஸ் ஊசி கடிக்கும் பலத்தைக் குறைக்கிறது. எத்தனை முறை கடிக்கிறோம் என்பது பெரிதாக மாறுவதில்லை. மூன்று நான்கு மாதத்தில் பலன் தீர்ந்துவிடும், திரும்பவும் போட வேண்டும், செலவு பலமடங்கு. தாடைத் தசை புடைத்து, கார்டு போட்டும் வலி தீராதவர்களுக்கு இதற்கு ஓர் இடம் உண்டு. முதல் வைத்தியமாக யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள்.

கடியைச் சரிசெய்கிறேன் என்று நல்ல பல்லை ராவுவதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல் வரிசை கோணலால்தான் கடிக்கிறோம் என்பது பழைய கருத்து, இன்றைய ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. கார்டு பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். ராவிய எனாமலை என்ன செய்வது?

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது. கார்டுக்கு அளவு கொடுக்கும் முன் வீட்டில் இருப்பவரிடம் உங்கள் குறட்டையைப் பற்றி விசாரியுங்கள். பலமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மேல்பல்லில் மாட்டும் கார்டு மூச்சடைப்பைக் கூட்டிவிடுகிறது. அவர்களுக்கு முதலில் தூக்கப் பரிசோதனை. கோளாறு உறுதியானால் காற்றழுத்த மாஸ்க்கோ, கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நிறுத்தும் கருவியோ கொடுப்பார்கள். மூச்சு சீரானால் பல் கடிப்பதும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது.

எந்த கார்டாக இருந்தாலும் காலையில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில், மென்மையான பிரஷ்ஷில் துளி சோப்பு தொட்டுக் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் வடிவம் கெடும், பற்பசை கீறல் போடும். அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது கார்டையும் டப்பாவோடு எடுத்துப் போங்கள். அதில் விழுந்திருக்கும் தேய்மானத்தைப் பார்த்தே எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகக் கடிக்கிறீர்கள் என்று அவரால் சொல்ல முடியும்.