ஒரே பிடிஎஃப்பில் 84 வரைபடம்: நீண்ட நாள் பயன்பாட்டில் பிடிஎஃப்பேஜஸ்

தருமபுரி மாவட்டத்தில் 7 வட்டங்கள். வட்டத்துக்கு மாதம் ஒன்று என மழை வரைபடம் போட்டால் ஆண்டுக்கு 84. அத்தனையையும் தனித்தனிப் படமாகச் சேமித்து வேர்டில் ஒட்டுவது வெட்டி வேலை. பைத்தானில் வரைபடம் போடும் நூலகமான மேட்பிளாட்லிப்போடு சேர்ந்தே வரும் பிடிஎஃப்பேஜஸ் போதும்; பல வரைபடங்களை ஒரே பிடிஎஃப்பின் பக்கங்களாகச் சேர்க்கும் கருவி இது.

வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் 'வித்' தொகுதிக்குள் கோப்பைத் திறந்து, லூப்பில் ஒவ்வொன்றாக வரைந்து, சேவ்ஃபிக் கட்டளையால் பக்கமாகச் சேமித்து, உடனே அந்த வரைபடத்தை குளோஸ் செய்ய வேண்டும். குளோஸை மறந்தால் 20 தாண்டியதும் எச்சரிக்கை வரும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ரேம் நிரம்பிக்கொண்டே போகும். 'வித்' இல்லாமல் எழுதி, நடுவில் அரூர் வட்டத்தின் தரவுத் தாள் காலியாக இருந்து நிரல் நின்றுபோனால், பிடிஎஃப்பின் கடைசிப் பகுதி எழுதப்படாது, கோப்பு பழுதாகிவிடும். விண்டோஸில் பழைய பிடிஎஃப் அடோபி ரீடரில் திறந்திருந்தால் அனுமதி இல்லை என்ற பிழை வரும். இது அடிக்கடி நடக்கும் கூத்து.

பக்க அளவை 11.69 x 8.27 அங்குலம் என்று கொடுத்தால் கிடைமட்ட ஏ4. ஓரத்தை வெட்டும் 'டைட்' அமைப்பைத் தொடாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறி, அச்சிடும்போது தொல்லை. ஒய் அச்சின் எல்லையை எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாகவே வையுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையும் மாசித் தூறலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

தானியங்கி மழைமானியின் 15 நிமிடப் பதிவு என்றால் ஆண்டுக்கு 35,040 புள்ளிகள். ஒவ்வொன்றும் தனி வடிவமாகப் பதிவாவதால் கோப்பு உப்பிவிடும், உருட்டினால் திக்கும். புள்ளிகளுக்கு மட்டும் 'ராஸ்டரைஸ்டு' போட்டு (அவை ஒரே படமாகப் பதிவாகும்), டிபிஐ, அதாவது அங்குலத்துக்கான படப்புள்ளிகள், 200 வைத்தால் சரியாகும். எழுத்தும் அச்சுக்கோடும் கூர்மை குறையாது.

உண்மையான குறை தமிழ்தான். இயல்பாக வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தாலும், மேட்பிளாட்லிப்பின் 3.10 வரையிலான பதிப்புகள் எழுத்துகளைக் கோத்துத் தராது: பென்னாகரத்தில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும், பாலக்கோடு உடைந்து வரும். இதற்கு வழி, பிஜிஎஃப் பேக்எண்டில் (மேட்பிளாட்லிப்பின் இன்னொரு வெளியீட்டு முறை) உள்ள பிடிஎஃப்பேஜஸைப் பயன்படுத்தி, தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் அச்சுக்கோப்பு மென்பொருளான ஸீலேடெக் வழியாக அனுப்புவது. 'பிஜிஎஃப் ஆர்சிஃபான்ட்ஸ்' என்ற அமைப்பு ஃபால்ஸ் ஆக இருக்க வேண்டும். ஸீலேடெக்கின் முகப்பில் (ப்ரீஆம்பிள்) எழுத்துருவைக் குறிக்கும் செட்மெயின்ஃபான்ட் கட்டளையை மட்டும் எழுதினால் போதாது. இயல்பு எழுத்து சான்ஸ் வகை என்பதால் செட்சான்ஸ்ஃபான்ட்டும் வேண்டும், இரண்டிலும் ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லின் அகலத்தையும் ஸீலேடெக்கிடம் கேட்டு அளப்பதால் மெதுவாகத்தான் நகரும். ஓடவிட்டுவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். ஆங்கிலத் தலைப்பே போதும் என்றால் இந்தச் சுற்று வேண்டாம்.