தருமபுரி ஜெராக்ஸ் கடை நோட்ஸ்: 2008 அமெரிக்கத் தேர்தல் பகுதி எப்படி?

தருமபுரி பேருந்து நிலையப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வாங்கும் ஸ்பைரல் நோட்ஸ் இது. தேர்தல் முடிவு சரியாக இருக்கிறது: ஒபாமா 365, எதிர்த்து நின்ற மெக்கெய்ன் 173 தேர்வாளர் வாக்குகள் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்படும் வாக்குகள்), வெற்றிக்கு 270 போதும். ஒபாமா வென்ற இரவில் சிகாகோ கிராண்ட் பூங்காவில் கண்ணீரோடு நின்ற கூட்டத்தையும் விட்டுவிடவில்லை, நல்ல விஷயம்.

சறுக்குவது இனவாரி வாக்கில்தான். வெள்ளையர் பெரும்பான்மையும் ஒபாமாவுக்கே என்று போட்டிருக்கிறார்கள். வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் அது 43 சதவீதமே, கறுப்பினத்தவரில் 95. நாடு முழுக்க அவர் பெற்ற 52.9 சதவீதத்தை வெள்ளையர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

வாக்களிப்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்க வந்த 1965 வாக்குரிமைச் சட்டம் நோட்ஸில் இல்லாதது பெரிய குறை. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870இல் வந்த அரசியலமைப்பின் 15ஆவது திருத்தத்தை மட்டும் படித்தால், அதன் பிறகும் எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் வைத்துத் தென் மாநிலங்கள் கறுப்பினத்தவரைத் தடுத்தது புரியவே புரியாது. ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மங்கலான பிரதி வேண்டாம். 3, 8 ஒன்றுபோலத் தெரிகின்றன.