ஹைபிரிட் தென்னம்பிள்ளை என்று வாங்கி ஏமாந்தோம்: திருகோணமலையில் கன்று வாங்குபவர்கள் கவனம்

இந்த மாரிக்குத் தென்னை வைக்கக் கிடங்கு வெட்டியிருப்பவர்கள், கன்றுக்கு முற்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கும்புறுப்பிட்டியில் எங்களுக்கு ஒரு ஏக்கர் மணல் காணி. 2022 கார்த்திகையில் 64 தென்னம்பிள்ளை வைத்தோம். 26 அடி இடைவெளி, பொச்சுமட்டை அடுக்கிய மூன்றடிக் கிடங்கு, எல்லாம் முறைப்படிதான். கன்றை மட்டும் லொறியில் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்கும் ஒருவரிடம் வாங்கினோம். "அண்ணை, சுத்தமான ஹைபிரிட். மூன்று வருசத்தில் பாளை தள்ளும். எந்த வெயிலையும் தாங்கும்" என்றார். ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேல் நின்றது. அதைப் பார்த்துத்தான் மயங்கினோம். அம்மா வளவில் நிற்கும் பழைய நெட்டை மரத்துத் தேங்காயில் போட்ட ஆறு பிள்ளைகள் கட்டையாகத் தெரிந்தன. அவற்றை வேலியோரம் வைத்தோம்.

மாரி முழுக்க லொறிக் கன்றுகள் அழகாகத்தான் நின்றன. ஆனி பிறந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் காலை பத்து மணிக்கே ஓலை மடிந்து தொங்கியது. கிழமைக்கு இரண்டு தரம் பவுசரில் தண்ணீர் எடுத்தோம். கிடுகால் மறைப்பும் கட்டினோம். ஆடி முடிவதற்குள் 38 பட்டுவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இடுப்புயரக் கன்றின் அடி என் பெருவிரல் பருமன்தான். வேர் தேங்காயைத் தாண்டி ஒரு சாண்கூடப் போகவில்லை. வேலியோரத்துக்குக் குழாய் எட்டாது, அம்மா வாளியால்தான் ஊற்றினார். அந்த ஆறும் பிழைத்தன. கீழ் ஓலை கருகியது, குருத்து பச்சையாகவே இருந்தது.

அப்புறம்தான் விசாரித்தோம். குட்டை இனம் 3, 4 வருடத்தில் பூக்கும், நெட்டைக்கு 6, 7 வருடம் வேண்டும். ஆனால் வரட்சியில் நெட்டை இலைத்துளையை நேரத்தோடு மூடித் தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஓலையில் மெழுகுப் படலமும் கூட. குட்டை இழந்துகொண்டே இருக்கும். நல்ல கலப்பினம், அதாவது ஹைபிரிட், என்பது குட்டைப் பாளையில் ஆண்பூவை அகற்றி, நெட்டையின் மகரந்தத்தைத் தூவி எடுக்கும் தேங்காய். அந்தக் கலப்பின மரத்தில் விழும் தேங்காயை முளைக்கப் போட்டால் மறுபடி கலப்பினம் வராது, கலந்துகட்டித்தான் வரும். எங்களிடம் மிஞ்சிய 26 கன்றும் அப்படித்தான், ஒன்றுபோல் ஒன்று இல்லை. காணிக்கு வந்து பார்த்த தென்னை அலுவலரும் அதையே சொன்னார். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் சீஆர்ஐசி 65 உண்மையான குட்டை நெட்டைக் கலப்பினம். அதுவே தண்ணீர் வசதியுள்ள காணிக்குத்தான் சரி. சீஆர்ஐசி 60 நெட்டையும் நெட்டையும் சேர்ந்தது. நாலைந்து மாதம் மழையே காணாத எங்கள் மணலுக்கு அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

லொறிக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "தண்ணீர் ஊற்றாமல் விட்டது உங்கள் பிழை" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் "தென்னங்கன்று 64" என்று மட்டும் இருந்தது, இனத்தின் பெயர் இல்லை. முறைப்பாடு செய்ய அதில் பிடி எதுவும் கிடைக்கவில்லை. தயவுசெய்து இனத்தை எழுத்தில் வாங்குங்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். உயரத்தைப் பார்க்காதீர்கள், நெருக்கி நிழலில் வளர்த்தால் எந்தக் கன்றும் உயரும். அடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். அடி திரண்டு, ஓலை நேரத்தோடு பிரிந்த கன்றுதான் வேண்டும்.

போன கிழமை அதே லொறி இரக்கக்கண்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. கன்றுகள் இடுப்புக்கு மேல் உயரம்.