குளக்கரை நீரைக் கண்காணிக்க: மாதிரிக் குப்பியா, மிதவைக் கருவியா?

கோவையின் உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் போன்ற நொய்யல் படுகைக் குளங்களின் கரையோர நீரைப் பல ஆண்டுகள் அளந்துவர இரு வழிகள் உண்டு: மாதந்தோறும் குப்பியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அல்லது உணரிகள் பொருத்திய மிதவையை நிறுத்தலாம்.

பாசி மிகுந்த குளத்தில் கரைந்த ஆக்சிஜன் பிற்பகலில் உயர்ந்து, இரவெல்லாம் சுவாசத்தில் செலவாகி, விடியலையொட்டி மிகவும் தாழ்ந்துவிடுவதால், காலை 10 மணிக்கு நிரப்பிய குப்பி, மீன்கள் மூச்சுத்திணறி மேலே வந்து வாய்பிளந்த நேரத்தைக் காட்டாது. மிதவை காட்டும். ஆயினும், கோடையில் உணரியின் முனையில் வழுவழுப்பான படலம் படிந்து அளவு மெல்லப் பிசகும்; ஆள் சென்று துடைத்துத் தரப்படுத்தாவிட்டால், கருவியின் பிசகையும் குளத்தின் மாற்றத்தையும் பிரித்தறிய இயலாது. ஆகாயத்தாமரை ஒதுங்கி மிதவையைச் சூழ்ந்துகொள்வதும் உண்டு.

மலக்கழிவு கலந்திருப்பதைச் சுட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கைக்கும், மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கும் (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜன் அளவு) குப்பியே வழி. சாக்கடை கலக்கும் நம் குளங்களுக்கு இவ்விரண்டும் தவிர்க்க முடியாதவை.

ஆகவே, பணம் ஒன்றுக்கே போதுமெனில், நான் குப்பியையே தேர்வேன்: அதே இடம், அதே ஆழம், அதே நேரம், கோடை மாதங்களில் மட்டும் விடியலுக்கு முன் கூடுதலாக ஒரு மாதிரி.