பம்பளிமாஸ் ஒட்டுக் கண்டும் பொலித்தீன் கூடாரமும்: 42,500 ரூபா போச்சு

42,500 ரூபா. அதுக்கு வந்தது மூண்டு பம்பளிமாஸ் "ஒட்டுக் கண்டு", 50 லீற்றர் சாடி மூண்டு, "விசேட கலவை" மூட்டை, பொலித்தீன் கூடாரம் ஒண்டு. முகநூலில கண்டு விக்கிற பக்கம். பேர் போடல்ல, நாளைக்கு வேற பேரில வருவாங்க. முழுக் காசும் பேங்கில போட்ட பிறகுதான் கூரியர் வந்திச்சு. இப்ப ரெண்டு கண்டு செத்துப் போச்சு, மிச்சம் ஒண்டு இலை கொட்டிக்கொண்டு நிக்குது.

நம்ப வெச்சது எது தெரியுமா? போனில பேசினவருக்கு விசயம் தெரியும். "வேர்ப்பக்கம் 13 பாகைக்குக் கீழ போனா வேர் தண்ணி இழுக்காது, அந்த நேரம் இலையில வெயில் பட்டா இலை கொட்டும், அதுக்குத்தான் கூடாரம்" எண்டார். சரியான பேச்சு. குளிர் நாட்டில சாடியைக் கண்ணாடி வீட்டுக்குள்ள வெச்சு மாரிகாலம் கடத்துறது இதுக்காகத்தான். தை மாசம் உறைபனி விழுற நுவரெலியாவுக்கும் பொருந்தும்.

ஆனா இது மட்டக்களப்பு! கச்சான் காத்து அடிக்கிற காலத்தில நிழலிலயே 34, 35 பாகை. மூடின பொலித்தீனுக்குள்ள மத்தியானம் 45ஐத் தொடும். அந்தச் சூட்டில வளர்ச்சி நிண்டுபோகும், கறுப்புச் சாடியோட ஒட்டிக் கிடக்கிற வேர் வெந்துபோகும். காத்து இல்லாத இடத்தில சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். இன்னொண்டு, அநேகமான பம்பளிமாஸ் தன்ர பூந்தூளில காய் பிடிக்காது. மூடின கூடாரத்துக்குள்ள தேனீ எங்கால வரும்?

ஒட்டு எண்டதும் பொய். உண்மையான ஒட்டுக் கண்டில மண்ணுக்கு மேல ஒரு சாணளவில தழும்பு இருக்கும், அந்த இடத்தில தண்டு லேசா வளையும், கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் வேறயாத் தெரியும். இவங்க அனுப்பினதில டேப் மட்டும் சுத்திக் கிடக்கு. கழட்டினா உள்ள வெட்டே இல்ல. நேர்த்தண்டு, நீட்டு முள்ளு, அசல் விதைக் கண்டு. பம்பளிமாஸ் விதையில முளைக்கிறது தாய் மரத்துப் பழத்தைத் தராது, காய்க்கவும் ஏழெட்டு வருசம் எடுக்கும். ஒட்டு எண்டா மூண்டு நாலு வருசம். காசு குடுக்கிறதே அந்த வித்தியாசத்துக்குத்தானே.

விசேட கலவை? வெறும் தும்புத்தூள், கழுவாதது. அதில உப்பு. நம்மட கரையோரக் கிணத்துத் தண்ணியும் சில இடங்களில உவர். ரெண்டும் சேர்ந்தா இலை நுனியிலிருந்து கருகும். ஒரு அடிக் கண்டை 50 லீற்றர் சாடியில நட்டா நடு ஈரம் காயாது, வேர் அழுகும். 10 லீற்றரில தொடங்கி, வேர் நிரம்ப நிரம்பத்தான் சாடி மாத்தணும்.

இனிப் பதில்களைப் பாருங்க. இலை கொட்டுது எண்டா, "அண்ணா, புது இடம், பழகட்டும்." பிறகு, "தண்ணி கூடிப்போச்சு." தண்ணியைக் குறைச்சா, "தண்ணி காணாது." டேப் கழட்டின படம் அனுப்பினதும், "நீங்க கழட்டினபடியா உத்தரவாதம் இல்ல." அதுக்குப் பிறகு நீலச் சரி மட்டும். இப்ப புளொக். 42,500 ரூபாவுக்கு ஒரு புளொக்!

என்னென்ன பாத்து வாங்கணும் எண்டு விபரமா எழுதத்தான் தொடங்கினது, கோபத்தில கை ஓடுதில்ல. ஒட்டுத் தழும்பை டேப் இல்லாமப் படம் கேளுங்க, தராட்டி விடுங்க. முழுக் காசும் முன்னுக்குப் போடாதீங்க. கூடாரம் வித்தா வாங்காதீங்க, நமக்கு 50 வீத நிழல் வலை போதும், மாரி மழைக்கு மட்டும் மேலால பொலித்தீன், பக்கம் நாலும் திறந்தபடி. தும்புத்தூளை நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் ஊறவெச்சுப் பிழிஞ்சு, மணலும் மக்கின எருவும் கலந்து போடுங்க.

இவங்களிட்ட ஏற்கனவே வாங்கினவங்க பேங்க் சீட்டையும் மெசேஜையும் அழிக்காதீங்க. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இலக்கம் 1977.