திருமண வீடியோ சேவை: வேலை நிறைவு, ரசீதில் ஒரு சொல்லில் மட்டும் குறை

கடந்த ஆவணியில் மதுரையில் நடந்த என் தங்கையின் திருமணத்திற்கு வீடியோ, போட்டோ இரண்டையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் அனுப்பிய நால்வரும் சொன்ன நேரத்துக்கு முன்பே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஆல்பமும் 40 நாளில் கைக்கு வந்தது.

முகூர்த்தத்தை வீடியோ எடுத்தவர் ஒரு பெண். தாலி கட்டும் நேரத்தில் உறவினர் கூட்டம் மேடையை மறைத்துக்கொள்ளும் என்பதை எதிர்பார்த்து, கெட்டிமேளம் தொடங்குவதற்குள் மணமகளின் பின்பக்கம் ஒதுங்கி மண்டியிட்டு, மூன்றாம் முடிச்சைப் போட்ட நாத்தனாரின் விரல்கள் வரை தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காட்சியை அம்மா இதுவரை எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை.

அன்று பெரியப்பா, கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பலைப் பிடித்து நின்ற அவரிடமே, "கேமராமேன் எங்கேம்மா? குடும்பப் படம் எடுக்கணும், கூப்பிடு" என்றார். அவர் பொறுமையாக, "நான்தான் ஐயா, வாங்க" என்றார். பெரியப்பாவைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்தச் சொல் ஓர் ஆணைத் தேடச் சொல்கிறது, அவரும் தேடினார். ஆனால் நிறுவனத்தின் ரசீதிலும் "கேமராமேன் - 4" என்றே இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

இதற்குப் புதுச் சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை. எழுத்தாளர், செய்தியாளர் என்பன போல ‘ஒளிப்பதிவாளர்’ என்பதும் மரியாதைப் பன்மையில் முடிவதால் ஆணையும் பெண்ணையும் ஒரேபோலக் குறிக்கும். 1985-இலேயே தமிழ்ப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்த பி. ஆர். விஜயலட்சுமியைக் குறிக்கவும் அதே சொல் போதுமானதாக இருந்தது. சினிமாவில் ஒளியமைப்பு முதல் சட்டகம் (ஃபிரேம்) வரை பொறுப்பேற்பவரே ஒளிப்பதிவாளர், அவருக்காகக் கேமராவை இயக்குபவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் திருமணத்தில் இரண்டையும் ஒருவரே செய்வதால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘கேமராவுமன்’ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஒரே வேலைக்கு ஆளைப் பார்த்து இரண்டு பெயர் எதற்கு? பேச்சில் ஆங்கிலச் சொல்தான் வருமென்றால் ‘கேமரா ஆபரேட்டர்’ என்று சொல்லலாம்.

தங்கையின் வளைகாப்புக்கும் இவர்களையே அழைத்திருக்கிறோம். முகூர்த்தத்தை எடுத்தவரே வர வேண்டும் என்றும், இம்முறை ரசீதில் ‘ஒளிப்பதிவாளர்’ என்று எழுத வேண்டும் என்றும் முன்பணம் கட்டும்போதே கேட்டுக்கொண்டேன்.